மருந்து கேட்காதே, காரணம் கேள்

கண்ணு, பிள்ளைக்கு இருமல் என்றதும் ஏற்காட்டில் முதலில் குளிரைத்தான் குற்றம் சொல்வார்கள். மார்கழிப் பனி, ஏரிக் காற்று, தலைக்கு ஊற்றிவிட்டது, கடைசியில் உன் வளர்ப்பு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குடியிருக்கிறோம், குளிர் உண்டுதான். ஆனால் சேர்வராயன் மலையில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் இருமிக்கொண்டேவா வளர்ந்தார்கள்? சளியோடு வரும் இருமல் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தானாக அடங்கும். அதற்கு மேல் இழுத்தால் மருந்து கேட்டுப் போகாதே, காரணம் கேட்டுப் போ.

காரணத்தில் பாதி உன் வாயில்தான் இருக்கிறது. ராத்திரியிலும் ஓடியாடிய பிறகும் இருமி, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் டாக்டர் ஆஸ்துமாவை நினைப்பார். விடாமல் இருமி, மூச்சை இழுக்கையில் கூவி, வாந்தியில் முடிந்தால் கக்குவானாக இருக்கலாம். தடுப்பூசி அட்டையைக் கேட்பார். இருமும்போது செல்போனில் வீடியோ எடுத்து வை. டாக்டர் முன்னால் எந்தப் பிள்ளையும் சரியாக இருமாது!

இன்னொரு காரணம் கடலை, அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் பிள்ளைகள் களத்தோரம் விளையாடும், வாயில் வறுகடலை இருக்கும். ஓடிக்கொண்டே சிரிக்கையில் ஒன்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். புரை ஏறி, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். கடலை மறக்காது. உள்ளேயே ஊறி உப்பும். சில நாளில் இருமல், காய்ச்சல், ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இரைச்சல். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது, படம் சுத்தமாகவே இருந்தாலும் இருக்கும். நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், குறைந்த மாதிரி இருந்து திரும்ப வரும். "அன்றைக்குப் புரை ஏறியது டாக்டர்" என்று நீ சொன்னால்தான் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்யத் தோன்றும். ஐந்து வயது ஆகும்வரை முழுக் கடலையைப் பிள்ளை கையில் கொடுக்காதே.

காசநோய் என்றால் நம் ஜனங்கள் இன்னும் குரலைத் தாழ்த்துகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை ஏறவில்லை, வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ இருமுகிறார் என்றால் கௌரவம் பார்க்காமல் சொல். சின்னப் பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடிகாலையில் வெறும் வயிற்றில், மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துச் சோதிப்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், தடுக்காதே. காசநோயாளியை சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். அரசு மருத்துவமனையில் சோதனையும் மாத்திரையும் இலவசம்.

விறகடுப்புப் புகை, தாத்தாவின் பீடி இரண்டையும் பிள்ளை படுக்கும் இடத்திலிருந்து விலக்கு.

கடைக்காரரிடம் சிரப் வாங்கும் பழக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் செத்தார்களே, அந்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் 48 சதவீதத்துக்கு மேல் இருந்தது. சிறுநீரகத்தை அழிக்கிற விஷம் அது. சாதாரணச் சளி இருமலுக்கு, ஒரு வயது தாண்டிய பிள்ளை என்றால் இரவில் ஒரு ஸ்பூன் மலைத்தேன் போதும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டு. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே என்று மலைக்காதே. பிள்ளை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பார். ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 40-ஐத் தொட்டாலோ, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடு.