இரண்டடி மண்ணுக்குள்

வர்ஜீனியாவில் வீட்டுக்கு மரவேலி போட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது குறுக்குச்சட்டங்களைத்தான். இரண்டு வரிசையா மூன்று வரிசையா, என்ன மரம், வெயிலில் என்ன நிறமாகும் என்பதே பேச்சு. லவுடன் கவுண்டியில் வீடு வாங்கிய காங்கேயத்து நண்பரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும் குடியிருப்பின் சங்கம், வீட்டு முன்பக்கத்தில் சுவரோ அடைத்த பலகை வேலியோ எழுப்ப விடுவதில்லை. பிளந்த சட்டங்களைக் குத்துக்கால்களின் துளையில் செருகி நிறுத்தும் பழைய பாணி வேலிக்கு மட்டும் ஒப்புதல் தருகிறது. "கடைக்காரன் படத்தைக் காட்டி விற்கப் பார்க்கறானுங்க, செய்யறவங்களையே பார்த்துடலாம், வாங்க" என்றார். இந்தக் கைத்தொழிலைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கும் நெடுநாளாக ஆசை.

ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் ஒரு சரிவு, தகரக் கொட்டகை, பட்டையோடு அடுக்கிய கட்டைகள். மரம் பிளப்பவர் எழுபதைத் தாண்டியவர். கூடவே தங்கை மகன். கட்டைகள் பெரும்பாலும் பிளாக் லோகஸ்ட். மலைச்சரிவில் நின்ற உயிர்மரத்தைக் காட்டினார். இலைக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசை கட்டியிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் அகத்தி என்றே சொல்லலாம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்தான். லோகஸ்டின் வைரம் பசுமை கலந்த மஞ்சள். மண்ணில் புதைத்தாலும் பல பத்தாண்டுகளுக்கு உளுக்காது. பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் அதனுள்ளேயே இருக்கின்றன.

பத்தடிக் கட்டை ஒன்றைப் புரட்டி அதன் வெட்டுமுகத்தை வெகுநேரம் பார்த்தார். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஏற்கெனவே மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. அவற்றில் ஒன்றில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். மூன்றாவது அடியில் ஓசை மாறியது. கட்டையின் விலாவில் ஒரு கோடு திறந்து அடிவரை ஓடியது. அந்தக் கோட்டில் இரண்டாவது ஆப்பு. அது இறங்கியதும் முதல் ஆப்பு கழன்று கையில் வந்தது. அதை எடுத்து இன்னும் கீழே வைத்தார். பிளவு அகன்றதும் கெட்டி மரத்தில் செதுக்கிய பெரிய ஆப்புகள். பிரியாமல் இழுத்துப் பிடித்த நார்களைக் கோடரியால் அரிந்தார். கட்டை இரண்டானது. பிறகு ஒவ்வொரு பாதியும் மறுபடி சரிபாதி. எப்போதும் சரிபாதிதான். மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிரிக்கப் பார்த்தால், பிளவு மெலிந்த பக்கமாகச் சாய்ந்து, மறுமுனை போய்ச் சேருவதற்குள் வெளியே ஓடிவிடும்.

ஏன் அறுக்காமல் பிளக்க வேண்டும் என்று நண்பர் கேட்டார். பெரியவர் பிளந்த பரப்பில் நண்பரின் கையை வைத்துத் தடவச் செய்தார். ரம்பம் தன் போக்கில் நேர்கோடாகப் போகும். மரத்தின் நார் வளைந்தால் அதை வெட்டிவிடும். வெட்டுண்ட நார்முனைகள் ஒவ்வொன்றும் தண்ணீர் குடிக்கும் வாய். பிளவோ நார் போகும் வழியிலேயே போகிறது. நார் அறுபடுவதில்லை, மழைநீர் வழிந்து போய்விடும், சட்டத்தின் பலமும் குறையாது. இன்று கடைக்கு வரும் சட்டங்களில் பெரும்பாலானவை ஹைட்ராலிக் இயந்திரத்தில் பிளந்தவை. பெரியவரின் மருமகனும் மூலையில் அப்படி ஒன்றை வைத்திருக்கிறான். அதில் குறையொன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். கையால் தள்ளினாலும் எண்ணெய் அழுத்தத்தால் தள்ளினாலும் ஆப்பு நாரோட்டத்தின் வழிதான் போயாக வேண்டும். முறுக்கேறிய கட்டையை ஒதுக்கி நேரானதைப் பொறுக்கும் கண்தான் முக்கியம். அதை எந்த இயந்திரமும் செய்வதில்லை.

இந்த மண்ணில் லோகஸ்டுக்கு முன்னால் சட்டத்துக்குப் பேர்போன மரம் அமெரிக்கச் செஸ்ட்நட். நேராகப் பிளக்கும், எளிதில் மக்காது. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் அந்த மரங்களில் ஒரு பூஞ்சை நோயைக் கண்டார்கள். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அப்பலாச்சிய மலைத்தொடர் முழுவதும் வளர்ந்த செஸ்ட்நட்கள் அநேகமாக அழிந்துபோயின. மரம் போன பிறகும் அதன் சட்டங்கள் சில பண்ணைகளில் இன்னும் வேலியாக நிற்கின்றன.

அதற்கும் முந்தைய வேலிக்குக் குத்துக்காலே கிடையாது. சட்டங்களை வளைந்து வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். காடு அழித்துக் குடியேறிய காலத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை, குழி தோண்ட ஆள்தான் இல்லை. மாடும் பன்றியும் ஊர் முழுக்க மேயும்; பயிர் வைத்தவன்தான் வேலி போட்டுக் காக்க வேண்டும். குதிரை தாண்டாத உயரம், காளை முட்டிச் சாயாத பலம், பன்றி நுழையாத நெருக்கம் என்று அதற்கு இலக்கணமே வகுத்திருந்தார்கள். நண்பரின் வீட்டுக்குச் சற்றுத் தூரத்திலுள்ள மனாசஸ் போர்க்களத்தில் அத்தகைய வேலிகளை இப்போதும் பார்க்கலாம். 1861லும் 1862லும் அங்கே போர் நடந்தது. உள்நாட்டுப் போர் நெடுக இரு தரப்புப் படைகளும் உழவர்களின் வேலியைப் பிடுங்கித்தான் குளிர்காய்ந்தன, சமைத்தன.

1860 மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் குடியரசுக் கட்சி மாநாட்டு அரங்குக்குள், லிங்கன் இளமையில் பிளந்தவை என்று சொல்லி இரண்டு சட்டங்களைத் தூக்கி வந்தார்கள். சட்டம் பிளப்பவர் என்ற பட்டப்பெயர் அவரோடு குடியரசுத் தலைவர் பதவி வரை போனது. அதே காலத்தில் இந்த வர்ஜீனியாவின் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் ஆண்டாண்டாக, கூலியில்லாமல், சட்டம் பிளந்துகொண்டிருந்தார்கள். மைல் கணக்கில் அவர்கள் போட்ட வேலிகளை வைத்துத்தான் பெரும்பண்ணைகளின் எல்லைகள் நின்றன. அந்தக் கைகளுக்குப் பட்டப்பெயர் ஏதும் கிடைக்கவில்லை. பலரின் சொந்தப் பெயர்கூடக் கணக்கேட்டில் சொத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. இந்த வேலியைக் கிராமிய அழகின் சின்னமாக மட்டும் விளம்பரப்படுத்தும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பெரியவர் நண்பருக்குச் சொன்ன யோசனை சுருக்கமானது. காற்றில் நிற்கும் சட்டம் நனைந்தாலும் காய்ந்துவிடும். அதற்கு இலேசான சிடார் போதும். மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஈரமும் உண்டு, பூஞ்சைக்கு வேண்டிய மூச்சும் உண்டு. குத்துக்கால் உளுப்பது அங்கேதான். ஆகவே பணத்தைக் குத்துக்காலில் போடு. நண்பர் லோகஸ்ட் கால்களும் சிடார் சட்டங்களும் என்று முடிவு செய்தார். தரைக்கு மேல் நான்கடி வருகிற மூன்று வரிசை. நாய் இருப்பதால் உட்புறம் கம்பி வலை. நீச்சல் குளம் இருந்திருந்தால் இந்த வேலி மட்டும் போதாது. குழந்தை ஏறிவிடும் இடைவெளி இதில் உண்டு.

தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழைத்தாக வேண்டும். கட்டணம் கிடையாது. ஆட்கள் வந்து புல்தரையில் நிறம் பூசிவிட்டுப் போகிறார்கள்: சிவப்பு மின்கம்பி, மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். நில அளவைப் படத்தை வைத்து எல்லை முளைகளையும் தேடி எடுத்தார்கள்.

வேலி நடும் குழுவில் நான்கு பேர், எல்லோரும் எல் சால்வடோர்காரர்கள். வடக்கு வர்ஜீனியாவில் இத்தகைய வேலையைத் தாங்குபவர்களில் அந்நாட்டவர் ஏராளம். மூலைக்கால்களை முதலில் நட்டு நூல் பிடித்தார்கள். சிவந்த களிமண்ணில் துளைக்கருவி இறங்கியது. வேர் குறுக்கிட்ட இடத்தில் கடப்பாரை. ஆழம் இரண்டடிக்கு மேல், உறைபனி எட்டும் ஆழத்தைத் தாண்டி. அடியில் கொஞ்சம் ஜல்லி.

எல்லாக் கால்களையும் நட்டுவிட்டுச் சட்டத்தைச் செருக முடியாது என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. சட்டத்தின் இரு முனைகளும் சீவியவை. அடுத்த சட்டத்தின் முனையோடு ஒரே துளைக்குள் ஒன்றையொன்று தாண்டி அமர வேண்டும். ஆகவே ஒரு காலைத் தளர்வாக நிறுத்தி, மூன்று சட்டங்களையும் செருகி, மறுமுனைகளில் அடுத்த காலை மாட்டி, அதன் பிறகே முந்தையதைக் கெட்டிப்படுத்துகிறார்கள். நிலம் சரிந்தால் வேலியும் சரிவோடு போகும். துளையில் உள்ள இடம் அதற்கு வழிவிடும்.

காலைச் சிமென்ட்டில் நிறுத்தச் சொன்னார் நண்பர். குழுத்தலைவர் மறுத்துவிட்டார். களிமண்ணில் சிமென்ட் காலைச் சுற்றி நீரைத் தேக்கி வைக்கும் என்பது அவர் வாதம். தோண்டிய மண்ணையே ஒரு சாண் அளவு போட்டு இரும்புத் திம்மிசால் குத்தினார். தொடக்கத்தில் தொப்பென்ற சத்தம். குத்தக் குத்த அது கெட்டிப்பட்டு, கடைசியில் திம்மிசு துள்ளி எழும்பியது. அதன் பிறகே அடுத்த அடுக்கு மண். இதில்தான் மோசடி எளிது. குழியை ஒரே வீச்சில் நிரப்பி மேல்மண்ணை மட்டும் மிதித்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டு குளிர்காலம் போனால் வேலி சாயும். கூலியைக் குறைத்து நாளைக் குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களால்தான் அந்த அவசரம் வருகிறது. அந்த இளைஞர்களின் தோள்கள் நாள் முழுவதும் ஏறி இறங்குவதைப் பார்த்தவன் எவனும் விலையில் பேரம் பேச மாட்டான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊர்ப் பேச்சு வந்தது. உங்கள் ஊரில் வேலி எப்படி என்று கேட்டேன். ஓர் இளைஞர் கைப்பேசியில் படம் காட்டினார். மத்ரேககாவோ என்ற மரத்தின் கொம்புகளை வரிசையாக நட்டுவிடுவார்களாம். அது துளிர்த்துக் காலாகவே வளர்ந்துவிடும். படத்தில் இருந்தது நம் ஊர் வரப்புகளில் தழையுரத்துக்காக வளர்க்கிற கிளைரிசிடியா. அது மத்திய அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்ததுதான். நண்பர் தன் ஊரில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியைப் பற்றிச் சொன்னார்: கொம்பை வெட்டி நட்டால் போதும், உயிரோடு நிற்கும், ஆடும் மாடும் உள்ளே மேயும். தலைவர் அதை ஸ்பானிஷில் மற்றவர்களுக்குச் சொன்னபோது நால்வரும் தலையாட்டினார்கள்.

மாலையில் கடைசிக் காலைக் குத்தி முடித்ததும் தலைவர் நண்பரைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் நடந்தார். காலடியில் மரத்தூளைக் குவிக்காதீர்கள், தண்ணீர் பீய்ச்சும் குழாயைத் திருப்பி வையுங்கள் என்றார். சட்டம் முறிந்தால் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை; ஒரு காலின் மண்ணைத் தளர்த்திச் சாய்த்துப் பழையதை உருவிப் புதியதைச் செருகி மறுபடி குத்திவிடலாம். திம்மிசைக் கையில் கொடுத்து ஒருமுறை செய்துபார்க்கவும் சொன்னார். மிச்சமிருந்த இரண்டு சட்டங்களைக் கொட்டகைக்குள் வைக்க நண்பர் தூக்கப் போனபோது தடுத்தார். வெளியிலேயே, மழையிலும் வெயிலிலும் கிடக்கட்டும். மாற்றும் நாளில் மற்றவற்றின் சாம்பல் நிறம் இவற்றுக்கும் வந்திருக்கும் என்றார்.