சைலன்சர் மேல ஒரு டப்பா

போன மே மாசம் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனப்போ, வாசலில் காயலான் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். தாத்தாவோட டிராக்டருக்கு விலை பேச வந்திருந்தார். மாஸி பெர்குசன் 1035. சிவப்பு பெயிண்ட் பாதிக்குமேல் வெளிறிப் போச்சு. "இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு. எடைக்குத்தான் எடுத்துக்கலாம்" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அப்பாயி என்னைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா இந்த எழவத்தானடா படிக்கிற?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான், "பத்து நாள் டைம் குடுங்கப்பா, நான் பாக்குறேன்" என்றேன். தெர்மல் பேப்பரில் எனக்கு நல்ல கிரேடு. ஆனால் உண்மையைச் சொல்லிடறேன், அதுவரைக்கும் ஒரு டீசல் இன்ஜினோட ஹெட்டை நான் கழற்றியதே இல்லை. லேபில் கட் செக்‌ஷன் மாடலைச் சுற்றி நின்று அப்சர்வேஷன் நோட் எழுதியதோடு சரி. அதுவும் பக்கத்து பெஞ்சைப் பார்த்து.

முதல் நாள் நானே இறங்கினேன். புது பேட்டரி வைத்து ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கியரை நியூட்ரலில் போட்டு, முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானரை மாட்டித் திருப்பினேன். மயிரிழை அசையவில்லை. சரி, கோளாறு கியர் பாக்ஸில் இல்லை, இன்ஜினுக்குள்ளதான்.

சித்தப்பா ஒரு ஐடியா கொடுத்தார். "இன்னொரு டிராக்டர்ல கட்டி இழுப்போம்டா. கியர்ல போட்டு கிளட்சை விட்டா தன்னால புடுங்கிக்கும்." நானும் கிட்டத்தட்ட சம்மதிச்சுட்டேன். அதுக்கு முன்னாடி உள்ளே என்னன்னு பார்க்கலாம்னு ஹெட் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒரு நட் வரவே இல்லை. நாலடி பைப்பை ஸ்பானரில் சொருகி முழு பலத்தோட இழுத்தேன். ஸ்டட் முறிந்தது. கையில் நட்டும் பாதி ஸ்டட்டும்.

அப்புறம்தான் பக்கத்து ஊர் மெக்கானிக் மாமாவைக் கூப்பிட்டோம். தாத்தா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்த்தவர். வந்தவர் முறிந்த ஸ்டட்டைப் பார்க்கவே இல்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, நிமிர்ந்து சைலன்சர் பைப்பைப் பார்த்தார்.

"டப்பா எங்க?"

எனக்கு அடிவயிறு கலங்கியது.

தாத்தா எப்பவும் வேலை முடிந்து வண்டியை நிறுத்தியதும், மேல் நோக்கி நிற்கிற சைலன்சர் வாயில் ஒரு பால்பவுடர் டின்னைக் கவிழ்த்து வைப்பார். சின்ன வயசில் அதை வண்டிக்குத் தொப்பி என்று நினைத்திருந்தேன். அவர் இறந்த அன்று பந்தல் போட இடம் வேண்டும் என்று டிராக்டரை எடுத்து வைக்கோல் போர் ஓரமா நிறுத்தியது நான்தான். டின்னை எடுத்துக் கிணற்றுச் சுவரில் வைத்ததும் நான்தான். திரும்ப மாட்டவில்லை. அதுக்குப் பிறகு அந்த வண்டி ஓடவும் இல்லை. இரண்டு ஐப்பசி, கார்த்திகை அதன் மேல் பெய்து முடிந்திருந்தது.

மெக்கானிக் மாமா அடுத்துக் கேட்டது: "ஓடுறப்ப நின்னுச்சா, நிக்கிறப்ப புடிச்சுதா?" இரண்டும் வேற வேற வியாதியாம். ஓடும்போது ஆயில் இல்லாமல் சூடேறிப் பிடித்தால் பிஸ்டனே லைனரில் உருகி ஒட்டியிருக்கும், அதை எண்ணெய் ஊற்றிச் சரி பண்ண முடியாது. நிற்கும்போது பிடித்தால் அது துரு. பொறுமை இருந்தால் விடும்.

ஹெட்டைத் தூக்கினோம். மூணு சிலிண்டரில் ஒண்ணும் மூணும் பரவாயில்லை. ரெண்டாவது முழுக்கச் செம்மண் சேறு மாதிரி. சைலன்சர் வழியா இறங்கிய மழைத்தண்ணி, வண்டி நின்றபோது எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ அங்கே போய்த் தங்கிவிட்டது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் இருக்கிற நூலிழை இடைவெளியில் அது வளர்ந்தால் ஆப்பு அடித்த மாதிரிதான். "இதக் கட்டி இழுத்திருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும்" என்றார். சித்தப்பா மெதுவாக வீட்டுக்குள் போய்விட்டார்.

வைத்தியம் ரொம்ப சிம்பிள். பாதி டீசல், பாதி பவர் ஸ்டியரிங் ஆயில் கலந்து பிஸ்டன் மேல் ஊற்றணும். யூடியூபில் அசிட்டோன் கலக்கச் சொன்னார்களே என்றேன். "அது பறந்துடும் தம்பி. நமக்கு நின்னு ஊறுற சரக்கு வேணும்." மார்க்கரால் லைனரில் ஒரு கோடு போட்டேன். மட்டம் இறங்கினால் எண்ணெய் ரிங்கைத் தாண்டி வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

காலையும் மாலையும் ஒரு பூவரசங்கட்டையை பிஸ்டன் மேல் வைத்து நாலு தட்டு. சுத்தியல் நேராகப் படக்கூடாது, பிஸ்டன் அலுமினியம். நல்லவேளை அது பாதி வழியில் நின்றிருந்தது. உச்சியில் நின்றிருந்தால் எவ்வளவு தட்டினாலும் கிராங்க் திரும்பாது. டெட் சென்டர் என்பதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், அர்த்தம் புரிந்தது அன்றைக்குத்தான். தட்டிய பிறகு புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். பைப் சொருகக்கூடாது என்று மாமா சத்தியம் வாங்கியிருந்தார்.

முதல் ரெண்டு நாள் கோடு அப்படியே இருந்தது. மூணாம் நாள் ஒரு நெல்மணி அளவு இறங்கியது. ஐந்தாம் நாள் ராத்திரி, டார்ச் அடித்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு அதற்குமேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. "டின்னை எடுத்தது நான்தாம்பா. திரும்ப வைக்க மறந்துட்டேன்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ காலேஜுக்குப் போயிட்ட. நான் ரெண்டு வருஷமா தினம் இதத் தாண்டித்தான வயலுக்குப் போனேன்" என்றார். "ஏறிப் பாக்க மனசு வரல." டார்ச்சை என்னிடமிருந்து வாங்கி அவரே பிடித்துக்கொண்டார்.

எட்டாம் நாள் சாயங்காலம், ஸ்பானர் அரை அங்குலம் நகர்ந்தது. என் கைதான் வழுக்கியது என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் திருப்பினேன், அதுவும் நகர்ந்தது. அரை அங்குலம் ஒரு அங்குலமாகி, ராத்திரி எட்டு மணிக்குக் கிராங்க் முழுச் சுற்று வந்தது.

அப்புறம் மூணு நாள் மாமாவோட வேலை. சம்ப்பைக் கழற்றி அந்த பிஸ்டனை வெளியே எடுத்து, காடியில் ஒட்டியிருந்த ரிங்கை மாற்றினார். லைனரைத் தேய்த்தார், ஒரு ஓரத்தில் துரு தின்ற பள்ளம் மட்டும் மிச்சம். நான் முறித்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அந்தச் சூட்டோடு திருப்பி எடுத்தார். நாங்கள் ஊற்றிய டீசலெல்லாம் சம்ப்பில் இறங்கியிருக்கும், அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும் என்று புது ஆயில் ஊற்றினார்.

டீசல் லைனில் ஏர் எடுத்துவிட்டு, நாலாவது தடவை ஸ்டார்ட்டர் அழுத்தியபோது பிடித்தது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு அந்தப் பழைய சத்தம். "கொஞ்சம் ஆயில் குடிக்கும், கொஞ்சம் புகையும். வயசாச்சுல்ல" என்றார் மாமா. அப்பாயி திண்ணையை விட்டு எழுந்திரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கோடை மழை தூற ஆரம்பித்தது. பையைப் போட்டுவிட்டு வைக்கோல் போர் பக்கம் ஓடினேன். சைலன்சர் மேல் ஏற்கெனவே ஒரு டின் கவிழ்ந்திருந்தது. அடுக்களையில் இருந்த காபித்தூள் டப்பா.

அன்றைக்குக் காபித்தூள் காகிதப் பொட்டலத்தில் இருந்தது.