தேரையின் ஓசிக் குடித்தனம்

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு என்றதுமே நினைவுக்கு வருவது சிங்கவால் குரங்குதான். குந்திப்புழாவின் குறுக்கே அணை கட்ட மாநில மின்வாரியம் முனைந்தபோது, 1970களில் கிளம்பிய எதிர்ப்புக்கு முகமாக அமைந்தது அதுவே. கறுத்த முகம், வெள்ளிப் பிடரி, உச்சிக்கிளையை விட்டு எளிதில் இறங்காத சுபாவம். வெடிப்பலாப் பழம் அதற்கு உயிர். கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருக்கும் காடு இல்லாவிட்டால் அது நகர முடியாது. இதைப் பாமரருக்கும் புரியவைப்பது சுலபம்.

அதே மரங்களுக்கடியில், ஈரச் சருகுகளுக்கிடையே ஒரு சின்னத் தேரை வசிக்கிறது. சர்ச்சை கொதித்துக்கொண்டிருந்த 1981இல் விலங்கியலாளர் ஆர்.எஸ். பிள்ளை அதைப் புதிய இனமாக விவரித்து, பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டினார்: 'சைலன்ட்வேலியென்சிஸ்'. பெயர் கிடைத்தது, புகழ் கிடைக்கவில்லை. தேரையின் படத்தைக் காட்டி அணையை நிறுத்தச் சொன்னால் எந்த அமைச்சர் காதுகொடுப்பார்? ஒரு காட்டில் தேரைகள் மட்டுமே இருந்தால் அதற்காக யார் வாதாடுவது என்ற கேள்விக்கு அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1985இல் ராஜீவ் காந்தி தேசியப் பூங்காவைத் திறந்துவைத்தார். குரங்கின் பெயரால் பிழைத்த காட்டில், தேரையும் வாடகையில்லாமல் குடியிருக்கிறது.