காரணம் காட்டு

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை. ஹட்டன் பக்கம் எங்கள் லயத்தில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி கையில் ஒரு கடிதத்தோடு வந்தாள். “மாமா, காரணம் கேட்டு லெட்டர் குடுத்திருக்காங்க. நானும் காரணத்த எழுதிட்டேன். இங்கிலீசு சரியான்னு மட்டும் பாருங்க.”

இங்கிலீசு சரியாகத்தான் இருந்தது. பதில்தான் பிழை. அப்பாயி இறந்தபோது மூன்று நாள் அறிவிக்காமல் நின்றுவிட்டாள் என்று ‘ஷோ காஸ்’ கேட்டிருந்தார்கள். இவள் அப்பாயி செத்ததை உருக்கமாக எழுதி, இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டு, இனி இப்படி நடக்காது என்று முடித்திருந்தாள். அன்று விடியக்காலையிலேயே சூப்பர்வைசருக்குப் போன் பண்ணிச் சொன்னதை ஓரிடத்திலும் எழுதவில்லை. கேட்டால், “அத அவங்க கேக்கலியே, மாமா” என்கிறாள்.

அவள்மேல் குற்றமில்லை. ‘ஷோ காஸ்’ என்பதை ‘காரணம் காட்டு’ என்று நாம் தமிழாக்கி வைத்திருக்கிறோம். தமிழில் காரணம் என்றால், நடந்தது ஏன் நடந்தது என்பது. ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள் என்றே நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலச் சட்டவழக்கில் அந்தச் சொல் வேறொன்றைக் கேட்கிறது: உன்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு உன் பக்கம் என்ன நியாயம்? முதல் கேள்விக்குப் பதில் எழுதினால் தவறை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். இரண்டாவதற்கு எழுதினால் அதை மறுக்க வழியுண்டு. ‘நியாயம் காட்டு’ என்று அன்றே யாராவது மொழிபெயர்த்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

இந்தச் சொல் மலையகத்துக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு, இந்திய பாகிஸ்தானியருக்கென்று 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் கீழ் பிரஜாவுரிமை பெற, மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். மனுவை மறுக்க நினைத்தால் ஆணையாளர் அதற்கான காரணங்களை எழுதி அறிவித்தல் அனுப்புவார். மூன்று மாதத்துக்குள் மனுதாரர் ‘ஷோ காஸ்’ செய்ய வேண்டும்.

என் தாத்தாவுக்கும் அப்படியொன்று வந்தது. தோட்டத்துத் தபால் பையில் ஆபீசுக்கு வந்து, கிளாக்கர் ஐயாவின் மேசையில் கிடந்து, பிறகு லயத்துக்கு வந்தது. இடையில் சில ஆண்டுகள் அவர் இங்கே இருந்ததற்கு ஆதாரமில்லை என்பது அதிலிருந்த ஆட்சேபம். தாத்தா யாரையோ பிடித்து எழுதிய பதிலைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். இந்தியாவில் எனக்கு யாருமில்லை, பிள்ளைகுட்டிக்காரன், ஐயா தயவு பண்ண வேண்டும். முழுக்கப் பெட்டிசம். அந்த ஆண்டுகளில் அவர் பேர் விழுந்த செக்ரோல் அதே ஆபீஸ் அலுமாரியில் இருந்தது. பெரியப்பா அந்த ஆண்டுகளில்தான் தோட்டத்தில் பிறந்தார். அந்தப் பிறப்புச் சான்றும் இருந்தது. இரண்டையும் அவர் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தாத்தா நாடற்றவராகவே மண்ணுக்குள் போனார்.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த மனுக்கள் சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம். அவற்றில் அடங்கியவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டும். சட்டமே விரட்டுவதற்கென்று எழுதப்பட்டது. நல்ல பதில் எழுதியிருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயவு கேட்ட ஒரு மனிதர் என் வீட்டிலேயே இருந்தார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். ஐந்தே வரி. எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, யாருக்குப் போன் போனது. அழைப்புப் பதிவின் படம் இணைப்பு. மரணச் சான்றிதழ் இணைப்பு. ஆகவே அறிவிக்காமல் நின்றேன் என்பது சரியல்ல. மன்னிப்பை அவளே வெட்டினாள். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கெடு நாளுக்கு முன்பே கொடுத்தாள்.

தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவுக் கடிதமும் நண்பனுக்குக் கடிதமும் பழக்குகிறீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு பல பிள்ளைகள் நேரே கொழும்புக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அதற்கு முன் இந்தக் கடிதத்துக்கும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.