அம்மாவின் தயம்மும் கல்

கடைசி ஒன்றரை ஆண்டுகள் என் அம்மா படுக்கையிலேயே இருந்தார்கள். மேலில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். தயம்மும் செய்து தொழுவதற்காக, மர்ஹூம் அத்தா எப்போதோ பாபநாசத்தில் தாமிரபரணியிலிருந்து எடுத்து வந்த நீள்வட்டக் கல்லைத் தலைமாட்டில் வைத்தோம். (நாங்கள் ஹனபி மத்ஹபினர், தூசி படியாத கல்லிலும் தயம்மும் கூடும். ஷாபிஈ சகோதரர்களுக்குத் தூசியுள்ள மண் வேண்டும்.)

அம்மா மவ்த்தான பிறகு ஒருநாள் என் இளைய மகன், "இதை யார் உருட்டினார்கள்?" என்று கேட்டான். "அல்லாஹ் படைத்த ஆற்று நீர் தேய்த்தது" என்றேன். "அப்படியானால் நம் குழாயடிக் கல் ஏன் தேயவில்லை? அதன் முனை இன்றும் காலைக் குத்துகிறதே!" என்றான். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டோமே என்று வெட்கமாகிவிட்டது. தேடிப் படித்தேன்.

கல்லைத் தேய்ப்பது வெறும் நீரன்று. நீர் சுமந்து வரும் மணலும், வெள்ளத்தில் ஒன்றோடொன்று மோதும் கற்களுமே தேய்க்கின்றன. குழாய் நீரில் மணல் ஏது? மலையிலிருந்து உடைந்து விழும் கல்லில் துருத்திக்கொண்டிருக்கும் முனையே முதலில் அடிபட்டு உதிர்கிறது. அப்போது பருமன் அதிகம் குறைவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. முனைகள் போன பின்னரே கல் மெல்லச் சிறுக்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் இக்கற்கள் அசைவதேயில்லை. 2023 டிசம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளமே அவற்றைப் புரட்டுகிறது.

ஆனால் உருண்டையானதெல்லாம் ஆற்றுக்கல் அல்ல. பொட்டல் குன்றுகளில் யானைபோல் நிற்கும் உருண்டைப் பாறைகள் பல எங்கும் உருளாதவை. வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீர் மூலைகளை மூன்று பக்கமிருந்தும் அரிப்பதால், இருந்த இடத்திலேயே உருண்டை வடிவம் பெற்றவை. வெங்காயச் சருகுபோல் அவற்றின் மேல்தோல் உரியும். கடையில் விற்கும் பளபளப்பான கூழாங்கற்களில் பல, இயந்திரப் பீப்பாயில் சுழற்றி எடுத்தவை. ஆற்றுக்கல்லோ உலர்ந்தால் மங்கலாகவே இருக்கும். நனைத்தால்தான் நிறம் காட்டும். சரியான கோளமாக இருப்பதும் அரிது.

அம்மாவின் கல்லின் குறுக்கே வெள்ளை வெங்கச்சங்கல் கோடு ஒன்று ஓடுகிறது. சுற்றியுள்ள பாறையைவிடக் கடினமானதால், அது அவ்வளவாகத் தேயாமல் சற்றே மேடாக நிற்கிறது. பார்வை மங்கிய அம்மா, விரலால் அந்த மேட்டைத் தடவித்தான் "இதுதான் உங்கள் அத்தா கொண்டுவந்தது" என்று உறுதி செய்துகொள்வார்கள்.

கல்லை ஆற்றிலேயே விட்டுவிடலாம் என்றார் அண்ணன். அக்காள் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய மாமியாருக்கும் இப்போது தண்ணீர் ஆகாது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.