பலகையை எடுத்தவன் நான்

எங்கள் வீட்டு வாசலில் நான் தோண்டிய குழியில் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை விழுந்தாள். குழியை மூடியிருந்த பலகையை எடுத்தவன் நான். அந்தப் பழி என் ஏழு வயது மகன் தலையில் விழுந்தபோது வாயைத் திறக்காமல் நின்றவனும் நான். குழந்தை பிழைத்துக்கொண்டாள். அதனால்தான் இதை எழுதும் தெம்பாவது எனக்கு இருக்கிறது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். பழைய வீட்டை இடித்துக் கட்டியதில் திண்ணை போய்விட்டது. மிச்சமிருந்த வாசலையாவது கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆள் வைக்க மனமில்லை. என் கையால் செய்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டும். லீவு நாட்களில் மம்பட்டியும் கடப்பாரையுமாக இறங்கினேன். கோலம் போடும் இடத்தை மட்டும் மண்ணாக விட்டு மற்ற இடத்தில் செங்கல் பாவினேன். சுவரோரம் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை. அரளி வைக்கக்கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். அதன் இலை, பூ, வேர் எல்லாமே நஞ்சு. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்திய செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் விளையாடும் இடத்தை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறேன் என்று எனக்கே என்மேல் நல்ல எண்ணம்.

அப்படிப்பட்டவன்தான் வாசல் மூலையில் மழைநீர் சேகரிப்புக்குக் குழி தோண்டினேன். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கிய ஏற்பாடு அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கம் மேல்மண் இறுகிய களி. அதைத் தாண்டி அடியில் இருக்கும் ஆற்று மணல் வரை போனால்தான் தண்ணீர் இறங்கும்; பிறகு உறை இறக்கி, கருங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பி, மேலே மூடி போட வேண்டும். நான் நாலடியில் களைத்து நிறுத்திவிட்டேன். தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் எட்டிப் பார்த்து, "சார், இப்படியே விட்டுடாதீங்க, புள்ளைங்க ஓடியாடுற எடம். உறையை எறக்கி மூடியப் போட்டுடுங்க" என்றார். வேலை கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஒரு சாரப் பலகையைப் போட்டு மூடிவைத்தேன். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. களிமண் குழியில் விழுந்த தண்ணீர் விழுந்தபடியே நின்றது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கலவை கொட்ட அந்தப் பலகை தேவைப்பட்டது. எடுத்தேன். அதற்குப் பதிலாகக் குழிமேல் ஒரு தென்னங்கீற்றைப் பரப்பினேன். திறந்து கிடந்திருந்தாலாவது குழி என்று தெரிந்திருக்கும். கீற்று விரித்த இடம் குழந்தைக்குத் தரையாகத்தான் தெரியும். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் ஐஸ்பாய் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒளிந்து விளையாடும் ஆட்டத்தில் ஒரு குழந்தையைக் காணவில்லை என்றால் யாரும் பதற மாட்டார்கள்; நன்றாக ஒளிந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். நீரில் மூழ்கும் குழந்தை சத்தம் போடும் என்று நாம் நினைப்பதும் தவறு. வாயில் தண்ணீர் ஏறியபின் கூப்பிட மூச்சு இருக்காது. உலக அளவில் நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம்தான் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவளுக்கு நாலு வயது. செம்பருத்திக்குப் பின்னால் ஒளியப் போனவள் கீற்றில் கால் வைத்திருக்கிறாள்.

தேடும் முறை என் மகனுடையது. கீற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததைக் கண்டவன் அவன்தான். "அப்பா, பாப்பா உள்ள இருக்கா" என்று அவன் போட்ட கூச்சலில் ஓடினேன். கீற்றின் நடுநரம்பை ஒரு கை பிடித்திருந்தது. மூக்கு தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கியது. தூக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

அவள் வீடு திரும்பிய அன்று சாயங்காலம் வாசலில் கூட்டம். "பலகை போட்டுத்தானே கெடந்துச்சு? யாரு எடுத்தது?" என்றாள் குழந்தையின் அம்மா. நான் சொல்லவில்லை. திரும்பி என் மகனைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது. "நீங்கதான் வெளையாட எடுத்தீங்களாடா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளைக் காப்பாற்றியவன் அவன். திட்டு அவனுக்கு, சமயத்தில் தூக்கினாரே என்ற நல்ல பேர் எனக்கு. அதை நான் வாங்கிக்கொண்டேன்.

2019 அக்டோபரில், தீபாவளி நேரத்தில், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது நாங்கள் டிவி முன்னாலேயே கிடந்தோம். 25-ஆம் தேதி விழுந்தவனை 29-ஆம் தேதி உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். கைவிட்ட கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருக்கிறதே, இவர்களுக்கெல்லாம் ஈவிரக்கம் கிடையாதா என்று அந்த நாட்களில் நான் பேசாத பேச்சில்லை. ஊரார் குழிக்குக் கொதித்தவன், என் வாசல் குழியில் கீற்றைப் போட்டுவிட்டுச் சோறு தின்றேன்.

மகன் அதற்குப்பின் வெளியே விளையாடப் போவதைக் குறைத்துக்கொண்டான். பரீட்சைக்குப் படிக்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தை கழிந்து ஒரு ராத்திரி, படுத்திருந்தவன் கேட்டான்: "அப்பா, பலகைய நான் எப்பப்பா எடுத்தேன்? எனக்கு ஞாபகமே வரல."

செய்யாத காரியத்தைச் செய்ததாகவே நம்பி, அதை எப்போது செய்தோம் என்று அவன் இத்தனை மாதமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். விளக்கைப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அப்ப நான் எடுக்கலல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். குழந்தையின் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தப் புள்ளைய நான் அந்தப் பேச்சு பேசியிருப்பேனா அண்ணே?" என்றாள். அவனைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. அது நியாயம்.

அந்தக் கொத்தனாரையே கூப்பிட்டு, களியைத் தாண்டித் தோண்டி, உறை இறக்கி, ஜல்லி நிரப்பி, ஒரு குழந்தையால் அசைக்க முடியாத கான்கிரீட் மூடி போட்டாயிற்று.

வாசலில் நீங்களே வேலை செய்கிறவராக இருந்தால், அன்றைக்குத் தோண்டியதை அன்றைக்கே பலகையால் மூடி, மேலே கல்லை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போங்கள். கீற்று, சாக்கு, தார்ப்பாய் எதுவும் மூடி ஆகாது. உங்கள் தவறு ஒன்று ஏதாவது ஒரு குழந்தையின் பேரில் இன்னும் கிடக்கிறது என்றால், அந்தக் குழந்தையை இன்றைக்கே கூப்பிட்டு, அது செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள்.