ஒரு மொழி, நான்கு எழுத்து

ஆந்திராவின் நௌபடாவில் கிளம்பும் ரயில், பர்லாகெமுண்டியைத் தாண்டி ஒடிசாவின் குணுபூரில் போய் முடிகிறது. ஒரு காலத்தில் பர்லாகெமுண்டி ராஜாவின் குறுகிய ரயில் ஓடிய பாதை. 2011இல் அகல ரயில் வந்தது. வழியில் நிலையப் பெயர்ப் பலகைகள் தெலுங்கிலிருந்து ஒடியாவுக்கு மாறுகின்றன. பாதையின் இருபுறமும் தள்ளித் தெரியும் மலைகளில் பேச்சு மட்டும் மாறுவதில்லை. அங்கே பேசுவது சோரா.

சுமார் 4 லட்சம் பேரின் மொழி. பழைய நூல்கள் சபரர் என்று குறிப்பிடும் மக்கள். தெலுங்குக்கும் ஒடியாவுக்கும் உறவில்லாத முண்டா குடும்பத்து மொழி, சந்தாலிக்குச் சகோதரி. மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களைப் பார்த்தால், இவர்களுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டுமா என்று தோன்றும்.

ஆனால் கணக்கில்தான் வகுப்பறையின் முதல் சிக்கல். சோராவில் பன்னிரண்டு வரை தனித்தனிப் பெயர்கள். பதின்மூன்று என்றால் பன்னிரண்டும் ஒன்றும். பிறகு இருபது இருபதாகக் கட்டு. முப்பத்து மூன்று என்பது ஓர் இருபது, ஒரு பன்னிரண்டு, ஒன்று. வீட்டில் இப்படி எண்ணிப் பழகிய ஆறு வயதுப் பிள்ளைக்கு, புரியாத ஒடியாவில், பத்து பத்தாகக் கணக்குச் சொன்னால்? விழிக்கும். வாத்தியார் மக்கு என்பார். சில மாதங்களில் பிள்ளை ஆடு மேய்க்கப் போய்விடும். பல்லாண்டுகள் நடந்த கதை இதுதான்.

இதை மாற்ற 2004இல் ஆந்திராவும் 2007இல் ஒடிசாவும் பழங்குடிக் குழந்தைகளுக்குத் தாய்மொழி வழிக் கல்வியைத் தொடங்கின. ஒடிசா பத்து மொழிகளில் ஆரம்பித்துப் பின்னர் 21 மொழிகளுக்கு விரித்தது. மலையின் மரம், சந்தை, அறுவடைத் திருவிழா எல்லாம் பாடமாயின. ஊரின் மொழி தெரிந்த இளைஞர்களே ஆசிரியர்களானார்கள். ஒடியா மெல்ல மெல்ல உள்ளே வரும். நல்ல ஏற்பாடு. மொழி தெரிந்த ஆசிரியர் இல்லாத பள்ளியில் மட்டும் புத்தகம் அலமாரியில் தூங்கும்.

இன்னொரு சிக்கலை எந்தத் திட்டமும் தீர்க்கவில்லை. எல்லைக்குத் தெற்கே சோரா பாடநூல் தெலுங்கு எழுத்தில். வடக்கே ஒடியா எழுத்தில். மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் ஒரே பாட்டைப் பாடுவார்கள், ஒருவர் புத்தகத்தை மற்றவர் படிக்க முடியாது. கிறிஸ்தவ சோராக்களின் வேதாகமமோ ரோமன் எழுத்தில்.

இது பழைய வினை. இந்தப் பகுதி முழுக்க மதராஸ் மாகாணமாக இருந்தபோது, பர்லாகெமுண்டியில் வாத்தியாராக இருந்த கிடுகு ராமமூர்த்தி பந்துலு சோரா கற்றுக்கொண்டு, தெலுங்கு எழுத்தில் வாசகங்கள் எழுதி, கைக்காசு போட்டுப் பள்ளிகள் நடத்தினார். பேச்சுத் தெலுங்குக்காகப் போராடியவர் என்று ஆந்திரா கொண்டாடும் அதே ராமமூர்த்திதான். அவருடைய சோரா மொழிக் கையேட்டை 1931இல் அச்சிட்டது சென்னை அரசு அச்சகம்.

1936 ஏப்ரல் 1 அன்று ஒடிசா தனி மாகாணமானது. தெலுங்கருக்கும் ஒடியருக்கும் நடுவே எல்லை கிழித்தவர்கள் சோராக்களை இரண்டாக வெட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில், குணுபூர் பக்கத்து மாரிசாகுடாவில், மங்கேய் கோமாங்கோ என்பவருக்குக் கனவுக் காட்சியில் 24 எழுத்துகள் தோன்றின என்பது பக்தர்களின் நம்பிக்கை. சோராங் சொம்பெங் என்று பெயர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தெய்வம். காலம் பொருந்தி வருவதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது கஷ்டம்.

எழுத்துக்கு அங்கே கோவில் உண்டு, பூஜை உண்டு. 2012இல் யூனிகோடிலும் இடம் கிடைத்தது. பள்ளிப் பாடநூலில் மட்டும் இடமில்லை. அதிகாரிகளின் வாதம் எளிது: மேல்வகுப்பில் ஒடியாதானே படிக்கப் போகிறார்கள், இன்னோர் எழுத்து சுமை. வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இதே மாநிலத்தின் மயூர்பஞ்சில் பிறந்த ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஓல் சிக்கியில் சந்தாலிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். சந்தாலி 2003இல் எட்டாவது அட்டவணையில் ஏறிய மொழி. பேசுவோர் எழுபது லட்சத்துக்கு மேல். சுமை என்பது எண்ணிக்கையைப் பார்த்து ஏறி இறங்குகிறது போலும்.

பெற்றோர் மனமும் ஒரே மாதிரி இல்லை. மலையில் தன் மொழி பேசப் பள்ளி எதற்கு, வேலை வாங்கித் தரும் ஒடியாவும் ஆங்கிலமும் போதும் என்பார்கள் சிலர். பாட்டியின் கதை புத்தகத்தில் வந்ததைப் பார்த்துப் பூரிப்பவர்களும் உண்டு.

சோராக்களின் சுவரோவியத்துக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. முன்னோருக்காக வீட்டு உட்சுவரில் வெள்ளைக் கோடுகளால் வரையப்படும் இடிதால், இன்று சேலையிலும் புவனேஸ்வரத்துச் சுவர்களிலும் இருக்கிறது; 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. படம் விலை போகிறது.

ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பல பிள்ளைகள் அரசு விடுதிப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். அங்கே சோரா வகுப்பு கிடையாது. விடுமுறைக்கு மலையேறி வரும் பிள்ளை பாட்டியிடம் சோராவில் வாய் ஓயாமல் பேசுகிறது. திரும்பிப் போய்க் கடிதம் போட்டால் ஒடியாவில்தான். பாட்டிக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும்.